வெட்டுகிறவரைக் கேட்டு வாங்குங்கள்



பெரியமேட்டில் மாடியறை ஒன்றில் நான்கு பேரை உட்கார வைத்து பர்ஸ் செய்கிறவர்களே, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பை, பெல்ட், செருப்பு என்று சிறிய அளவில் செய்து கொடுக்கிறவர்களே, பெரிய கம்பெனிகளுக்கு சாம்பிள் வெட்டித் தருகிறவர்களே, இந்த மடல் உங்களுக்குத்தான். டை வைத்து பிரஸ்ஸில் அடிக்கும் தொழிற்சாலைகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. உங்களிடம் கையில் கத்தி பிடித்துத் தோல் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கத்தியை வாங்குகிறவர்கள் நீங்கள். அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முப்பத்திரண்டு வருடம் கட்டிங் டேபிளில் நின்றவன் நான். ஐந்து பட்டறை மாறியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் "உனக்கு எந்தக் கத்தி தோதுப்படும்?" என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டது இரண்டே தடவை. இரண்டு தடவையும் ஒரே முதலாளி.

நீங்கள் தோல் வாங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மண்டிக்குப் போகிறீர்கள். கட்டைப் பிரிக்கச் சொல்கிறீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பார்க்கிறீர்கள், முதுகுப் பக்கத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் இழுத்துப் பார்க்கிறீர்கள், உண்ணிக் கடி இருக்கிறதா, சூட்டுக்கோல் தழும்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறீர்கள். சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறீர்கள். அந்தக் கண்ணும் கையும் உங்களுக்கு இருக்கிறது என்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவ்வளவு பார்த்து வாங்கி வந்த தோலில் முதல் முதலாக இறங்கப் போகிற கத்தியை மட்டும், ஹார்டுவேர் கடைக்கு போன் போட்டு "கட்டர் ரெண்டு டஜன் அனுப்புப்பா" என்று முடித்துவிடுகிறீர்கள்.

அந்தக் கட்டரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டறையில் இன்று பெரும்பாலும் இருப்பது அதுதான். 1956-இல் ஜப்பானின் ஒசாகாவில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா என்பவர் கண்டுபிடித்தது அது. காகிதம் வெட்டுகையில் பிளேடின் முனை மட்டும் மழுங்கி, மற்ற பகுதியெல்லாம் வீணாவதைப் பார்த்தார். சாக்லேட் கட்டியைத் துண்டு துண்டாக ஒடிப்பதைப் போல, மழுங்கிய துண்டை ஒடித்துவிட்டு அடுத்த துண்டால் வெட்டலாம் என்று யோசித்தார். ஓல்ஃபா என்ற கம்பெனி அப்படித்தான் வந்தது. அருமையான கண்டுபிடிப்பு, நானே இன்றும் லைனிங் வெட்ட அதைத்தான் எடுப்பேன். ஆனால் அது காகிதத்துக்காகப் பிறந்தது. 9 மி.மீ. அகல பிளேடின் கனம் சுமார் 0.4 மி.மீ. தான். 18 மி.மீ. பிளேடுக்கு அரை மி.மீ. ஒடிவதற்கென்றே கோடு கீறிய பிளேடு அது. கடுக்காயும் வாட்டில் பட்டையும் ஏறி இறுகிய நாலு மி.மீ. பெல்ட் தோலில் அதை இறக்கச் சொன்னால் என்ன ஆகும்?

என் இடது கட்டைவிரலின் அடியில் ஒரு தழும்பு இருக்கிறது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அவசர ஆர்டர், பெல்ட். பட்டறையில் இருந்தது சின்ன கட்டர் மட்டும். கனத்த தோலுக்கு எட்டவில்லையே என்று பிளேடை மூன்று கண்ணி வெளியே இழுத்து, ஸ்கேலில் ஒட்டிப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தேன். பாதி தூரத்தில் பிளேடு வளைந்தது கையில் தெரிந்தது. தெரிந்த அடுத்த நொடியே ஒடிந்துவிட்டது. ஒடிந்த துண்டு தோலிலேயே நின்றது. கையில் மிச்சம் இருந்தது இழுத்த வேகத்தில் ஸ்கேலைத் தாண்டி வந்து விரலில் இறங்கியது. நான்கு தையல். வார முடிவில் கூலி வாங்கும்போது, ரத்தம் பட்டு வீணான தோலுக்கும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அந்த முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிப் போனார். அவர் மனதில் பிடித்தம் என்பது தோல் கணக்கு, காயம் என்பது என் கவனக்குறைவு. கத்தி என்ற ஒன்று அந்தக் கணக்கில் எங்கும் வரவே இல்லை. முப்பது வருடம் ஆகியும் எனக்கு அந்தக் காயத்தைவிட இதுதான் வலிக்கிறது.

காயத்தை விடுங்கள். உங்கள் கணக்குக்கே வருகிறேன். மெல்லிய பிளேடு கனத்த தோலில் நேராக இறங்காது. சாயும். மேல்பக்கம் பேட்டர்ன் அளவில் சரியாக இருக்கும், கீழ்ப்பக்கம் ஒரு மி.மீ. உள்ளே போயிருக்கும். இரண்டு துண்டை ஒட்டிப் பாருங்கள், ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும். அதைத் தேய்த்துச் சரி பண்ண ஒருவர், எட்ஜ் கலர் இரண்டு தடவைக்கு நாலு தடவை அடிக்க இன்னொருவர். அதே பிளேடு மழுங்கிப் போய், மெல்லிய ஆட்டுத் தோலில் ஓடினால் வேறு வினை. வெட்டுவதற்கு முன்னால் தோலைத் தள்ளும். தோல் இழுபட்டபடியே வெட்டுப்படும். கத்தி தாண்டியதும் தோல் பழைய நிலைக்குச் சுருங்கும். டேபிளில் அளவு சரியாக இருந்த துண்டு, தையலுக்குப் போகும்போது சின்னதாக இருக்கும். அங்கே மிஷினில் இருக்கும் பெண் இழுத்து வைத்துத் தைப்பார், சுருக்கம் விழும், திட்டு அவருக்கு விழும். எத்தனை பட்டறையில் தையல்காரர்கள் கட்டிங் டேபிளின் பாவத்தைச் சுமக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தோல் வேலைக்கு ஒரே கத்தி போதும் என்று நீங்கள் நினைப்பதுதான் இதற்கெல்லாம் வேர். ஒவ்வொரு வேலையும் ஒரு வடிவத்தைக் கேட்கும். எகிப்தின் தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. தோல் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அதில் ஒருவர் கையில் அரைநிலா வடிவக் கத்தி. இன்றைக்கும் குதிரைச் சேணம் செய்கிறவர்கள் கையில் அதே வடிவம்தான். அவ்வளவு காலம் ஒரு வடிவம் நிற்கிறது என்றால், தோல் அதைக் கேட்கிறது என்று அர்த்தம். அரைநிலாக் கத்தியின் கைப்பிடி வாய்க்கு நடுவில், மேலே நிற்கும். கையின் பாரம் முழுக்க நேராக வாய்க்கு இறங்கும். கனத்த தோலில் தள்ளிக்கொண்டே போகலாம், நீண்ட வளைவில் மணிக்கட்டைத் திருப்பினால் போதும், கத்தி திரும்பும். வாய் நீளம் என்பதால் நடுப்பகுதி மழுங்கினால் பக்கவாட்டில் இன்னும் கூர் இருக்கும். ஆனால் இரண்டு கொம்பும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், டேபிளில் திறந்து போட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கிழித்துவிடும். பழகியவருக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும், உறையோடு கொடுக்க வேண்டும்.

செருப்பு மேல்தோல், பர்ஸ் போன்ற சின்ன வளைவுகளுக்கு அது உதவாது. அங்கே வேண்டியது ஒடுங்கிய, முனை லேசாக வளைந்த சின்னக் கத்தி. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் ஷூ பட்டறைகளில் மேல்தோல் வெட்டுகிறவருக்கே 'கிளிக்கர்' என்று பெயர் வந்தது இந்தக் கத்தி பலகையில் போடும் சத்தத்தால்தான் என்பார்கள். பிரஸ் மிஷினைக் கிளிக்கிங் மிஷின் என்கிறோமே, அந்தச் சொல்லும் கையால் வெட்டுகிறவரின் பெயரிலிருந்து வந்ததுதான். பெல்ட் வார் நீளமாக ஒரே அகலத்தில் வேண்டுமென்றால் மரத்தில் வரும் ஸ்ட்ராப் கட்டர் போதும். அகலத்தைத் திருகி வைத்து இழுத்தால் புதிதாக வந்த பையன்கூட நூல் பிடித்த மாதிரி வார் எடுப்பான். ஸ்கேலும் கத்தியும் வைத்து நாள் முழுக்க வார் இழுக்கச் சொல்வது தோள்பட்டைக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாவற்றையும் வாங்கச் சொல்லவில்லை. உங்கள் பட்டறையில் எந்தத் தோல் அதிகம் வருகிறது, எந்த வேலை அதிகம் நடக்கிறது என்று பார்த்து, அதற்கான இரண்டு கத்தி நன்றாக வாங்குங்கள் என்கிறேன். பன்னிரண்டு கத்தி வைத்த பளபளப்பான செட்டில் பத்து கத்தி துருப்பிடித்துத்தான் கிடக்கும்.

இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்கும் மலிவுக் கத்திகள் பளபளக்கும், அரை நாளில் மொன்னையாகும். நம் பக்கத்துப் பழைய ஆட்கள் பவர் ஹாக்ஸா பிளேடை உடைத்துச் சாணை பிடித்துக் கத்தி செய்துகொள்வார்கள். வறுமையால் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அது ஹை ஸ்பீடு ஸ்டீல், இரும்பையே அறுக்கப் பிறந்தது. கிரைண்டரில் சூடேறினாலும் பதம் போகாது. சாதாரண கார்பன் இரும்பு அப்படி இல்லை. அது வாங்கும் கூர் வேறு எதுவும் வாங்காது, ஆனால் கிரைண்டரில் வைத்துச் சுமார் 300 டிகிரி தாண்டி நீலம் பாய்ந்துவிட்டால் கொல்லர் போட்ட தோய்ச்சல் அங்கே செத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் அந்த இடம் நிற்காது. தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, கார்பன் கத்தியை ஈரமான கடுக்காய்த் தோல் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கத்தி வடிவத்தில் கறுப்பாக அச்சு விழுந்திருக்கும். இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் மை. இதெல்லாம் உங்கள் பர்ச்சேஸ் மேலாளருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உங்கள் பட்டறையில் கையால் வெட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நிச்சயம் தெரியும். அவரைக் கேட்காமல் மேலாளர் வாங்குகிறார் என்பதுதான் என் வருத்தம்.

கேட்காததால் என்ன நடக்கும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடைசியாக வேலை பார்த்த பட்டறையில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். ஸ்கைவிங் வேலை, மடிக்க வேண்டிய ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்குவது. மூன்று வாரமாகத் தினமும் திட்டு. ஓரம் ஒரு இடத்தில் காகிதம், ஒரு இடத்தில் அட்டை, ஒரு இடத்தில் ஓட்டை. "இந்தப் பொண்ணுக்குக் கை வராது, நூல் வெட்டுற வேலைக்கு மாத்திடலாம்" என்று சூப்பர்வைசர் முடிவு செய்துவிட்டார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சோற்றைப் பிசைவதைத் தற்செயலாகப் பார்த்தேன். சாப்பிட்டது வலது கை. ஆனால் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகியது, தண்ணீர் பாட்டிலை எடுத்தது, முடியை ஒதுக்கியது எல்லாம் இடது கை.

"ஏம்மா, நீ இடக்கையா?" என்றேன்.

"ஆமாண்ணா. சொன்னா வேலை குடுக்க மாட்டாங்கன்னு சொல்லல" என்றாள்.

சீவுகிற கத்திக்கு ஒரு முகத்தில்தான் சரிவு. மறுமுகம் தட்டை. தட்டை முகம் தோலில் படிந்து ஓட வேண்டும், சரிவு மேலே இருக்க வேண்டும். வாயும் நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு வலக்கைக்கு. இடக்கையில் பிடித்தால் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடும். சரி என்று புரட்டிப் பிடித்தால் சரிவு முகம் கீழே வந்துவிடும். அப்போது கத்தியைத் தூக்கிப் பிடித்தால்தான் வெட்டும், தூக்கினால் தோலுக்குள் இறங்கிவிடும். அந்தப் பெண் மூன்று வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கை வராதது அவளுக்கு இல்லை, கத்திக்கு.

அன்று சாயங்காலம் ஒரு பழைய ஹாக்ஸா பிளேடுத் துண்டை எடுத்துப் போய், சாணை பிடிக்கும் கடையில் எல்லாவற்றையும் மாற்றிப் பிடிக்கச் சொன்னேன், கண்ணாடியில் பார்ப்பது போல. அவள் உள்ளங்கை சின்னது, அதனால் பிடியை ஒட்ட ஒட்ட லைனிங் துண்டு சுற்றினேன். மறுநாள் காலை அவள் கிரானைட் கல் மேல் தோலை வைத்துச் சீவினாள். முதல் இரண்டு துண்டு சுமார். மூன்றாவதில் சீவல் அறுபடாமல் நாடா மாதிரி சுருண்டு வந்தது. அவள் அந்தச் சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த துண்டை எடுத்து வைத்துக்கொண்டாள். இன்று அந்தப் பட்டறையில் சாம்பிள் ஸ்கைவிங் என்றால் அவளிடம்தான் போகிறது.

அந்தக் கத்திக்கு ஆன செலவு சாணைக் கூலி மட்டும். ஆனால் அவளைக் கேட்க மூன்று வாரம் ஆனது, அதுவும் தற்செயலாக.

இனி தீட்டுவதற்கு வருகிறேன், ஏனென்றால் எவ்வளவு நல்ல கத்தி வாங்கினாலும் தீட்டாவிட்டால் அது ஒரு வாரத்துக் கத்திதான். நல்ல கத்தி தேர்ந்தெடுப்பதில் பாதி, தீட்டும் வசதியைத் தேர்ந்தெடுப்பது. 1000 நம்பர் கல்லும் 4000 அல்லது 6000 நம்பர் கல்லும் ஒரு டேபிளுக்கு ஒவ்வொன்று போதும். கல்லில் ஒரு முகம் தீட்டிவிட்டு மறுமுகத்தில் கட்டைவிரலை வாய்க்குக் குறுக்கே மெல்லத் தடவினால் பிசிர் தட்டுப்படும். பிசிர் வந்தால்தான் கூர் முனை வரை எட்டியிருக்கிறது. பிறகு மறுமுகம். கடைசியில் பலகையில் ஒட்டிய தோல் பட்டையில் பச்சை குரோமியம் ஆக்சைடு தேய்த்து, கத்தியைப் பின்னோக்கிப் பத்துப் பதினைந்து தடவை இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் பட்டையே அறுந்துவிடும். பட்டையில் இழுபடும் சத்தம் முதலில் கரகரக்கும், போகப் போக வழுவழுவென்று அடங்கும். அந்த அடங்கல் வந்தபின் மெல்லிய லைனிங் தோலில் வைத்து இழுத்தால் சத்தமே இல்லாமல் பிரிய வேண்டும். வேலைக்கு நடுவில் பட்டையில் மட்டும் அவ்வப்போது இழுத்துக்கொண்டால், கல்லுக்குப் போவது வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான்.

இதற்கு நேரம் வேண்டும். இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் பீஸ் ரேட்டில் கூலி கொடுக்கிறீர்கள். ஒரு பீஸுக்கு இவ்வளவு. கத்தி தீட்டும் பத்து நிமிடத்துக்குப் பீஸ் இல்லை, அதனால் கூலியும் இல்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய ஒருவர் தன் கூலியைக் குறைத்துக்கொண்டு உங்கள் தோலைக் காப்பாற்ற ஏன் கத்தி தீட்ட வேண்டும்? தீட்ட மாட்டார். மொன்னைக் கத்தியை அழுத்திப் பிடித்து ஓட்டுவார். அழுத்தினால் மணிக்கட்டு போகும், கத்தி வழுக்கும், விரல் போகும், தோல் இழுபடும். "தீட்டவே மாட்டேங்கிறானுங்க, சோம்பேறிங்க" என்று நீங்கள் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நீங்கள் கூலி கொடுக்கும் முறைதான் அந்தக் கத்தியை மொன்னையாக்குகிறது.

பொதுக் கத்தி வைப்பதும் அதே மாதிரி. காலையில் பெட்டியிலிருந்து யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு நல்ல கத்தி, கடைசியில் வருகிறவருக்குப் பல் விழுந்த கத்தி. நான் தீட்டி வைத்ததை நாளை வேறொருவர் கிரானைட் கல் மேல் வைத்து வெட்டி வாயைக் கெடுப்பார் என்று தெரிந்தால் நான் எதற்குத் தீட்டுவேன்? சீவுவதற்குத்தான் கல். வெட்டுவதற்குக் கத்தி வாயை வாங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் பலகையோ கட்டையோ வேண்டும். தன் கத்தி என்று இருந்தால் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு கத்தி, பிடியில் அவரவர் அடையாளம், ராத்திரி வைக்க ஒரு உறை. கத்தி யார் கையில் இருக்கிறதோ அவர் விருப்பப்படி பிடியைச் சுற்றிக்கொள்ளட்டும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த தடவை கத்தி வாங்கும்போது வெட்டுகிறவர்களையும் சீவுகிறவர்களையும் கேளுங்கள். போன் போடாதீர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் கத்தியைக் கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பையில் உங்கள் பட்டறைத் தோல் துண்டு ஒன்று எடுத்துப் போய் அதில் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொல்லரிடம் அடித்து வாங்கலாம் என்று அவர்கள் சொன்னால் அங்கே போங்கள். ஒவ்வொரு டேபிளிலும் கல்லும் பட்டையும் வையுங்கள். காலையில் பதினைந்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் தீட்டுவதற்கென்று ஒதுக்கி, அதற்கும் கூலி போடுங்கள். பீஸ் ரேட் என்றாலும் போடுங்கள்.

ஆயுத பூஜை வரும். பட்டறையைக் கழுவி, மிஷினுக்கு மாலை போட்டு, கத்திகளை வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பீர்கள். பூஜை போடாத பட்டறையாக இருந்தால் உங்களுக்கு வசதியான வேறொரு நாளில் செய்யுங்கள். அந்தக் கத்திகளில் ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் கையால் ஒரு துண்டுத் தோலில் இழுத்துப் பாருங்கள். நீங்கள் தோல் பார்க்கிற அதே கவனத்தோடு பாருங்கள். எது இழுபடுகிறது, எது சாய்கிறது, எது வழுக்குகிறது என்று உங்களுக்கே தெரியும். பிறகு அதைத் தினமும் பிடிப்பவரை அழைத்து, "இதுக்குப் பதிலா உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வலக்கையா இடக்கையா என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
கட்டிங் டேபிளில் நின்ற ஒருவன்